திகதி போடாத கடிதம்

நான் நகரசபைப் பதவியைத் தூக்கி எறிந்துவிட்டு வந்தேன் என்று ஊரில் ஒரு கதை உலாவுகிறது. மீன் சந்தையில் கேட்கிறார்கள், பஸ்ஸில் கேட்கிறார்கள். பல் பிடுங்கப் போய் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தபோதுகூட, அடுத்ததாக உள்ளே வரக் காத்திருந்த ஒரு மனுஷி கதவால் தலையை நீட்டிக் கேட்டாள்: "ஏன் பிள்ளை விட்டனீங்கள்? வெருட்டினவங்களோ?"

ஒருவரும் வெருட்டவில்லை. இராஜினாமாக் கடிதத்தை நானே எழுதினேன். என் கையால், தடித்த, நல்ல மொத்த எழுத்தில், ஒரு பிழை இல்லாமல். திகதி மட்டும் போடவில்லை. அதை இன்னொருவர் போட்டார். இவ்வளவுதான் கதை. ஆனால் இவ்வளவை மட்டும் சொன்னால் நான் பெரிய அப்பாவி போலத் தெரியும். நான் அப்பாவி இல்லை. ஆகவே ஒருதரம் முழுவதையும் எழுதிவிட்டு வாயை மூடப்போகிறேன். இனி யாராவது பல் பிடுங்கும் இடத்தில் கேட்டால் இந்தத் தாள்களைக் கையில் திணிப்பேன்.

ஊரிலிருந்து பஸ்ஸில் அரை நாள் தள்ளியிருந்த பல்கலைக்கழகத்தில்தான் இது தொடங்கியது. முதல் வருடம் பெண்கள் விடுதியில் தண்ணீர் இல்லை. மூன்றாம் நாள் வாளியைத் தூக்கிக்கொண்டு போய் நிர்வாகக் கட்டடத்தின் வாசலில் குந்தினேன். எனக்குப் பின்னால் நாற்பது பேர் வாளியோடு வந்து குந்தினார்கள். அதற்குக் காரணம் கொள்கை இல்லை, கோபம்தான். எனக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் நீளம், மூக்குக்கு மேல் கோபம். துறைமுகத்தில் வேலை செய்த அப்பா, "இவளைக் கட்டுறவன் காது கேளாதவனா இருக்கவேணும்" என்று சொல்லிச் சிரிப்பார். கொள்கை பிறகு வந்தது. மாணவர் சங்கத் தலைவர் கொண்டுவந்து கொடுத்தார்.

என்னைவிட வயதில் மூன்று வருடம், படிப்பில் ஒரு வருடம் மூத்தவர் அவர், எங்கள் திருகோணமலைக்காரர்தான். பிற்காலத்தில் கட்சியில் அவருக்கு வேறு பட்டங்கள் வந்தன. ஆனால் இதில் நான் அவரைத் தலைவர் என்றே எழுதுவேன். மரியாதையால் இல்லை, நாக்கு பழகிவிட்டது. சத்தம் போடாமல் கதைக்கிற மனிதர். பத்துப் பேர் கத்துகிற கூட்டத்தில் பால் விடாத பிளேன்டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் ஒரு வசனம் சொல்வார். அதுவே தீர்மானம் ஆகிவிடும். எனக்கு அப்போது அது பெரிய அதிசயமாக இருந்தது.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. புதிய செயற்குழு தெரிவானதும் ஒன்பது பேரும் ஒரு மேசையைச் சுற்றி இருந்து, ஆளுக்கொரு வெள்ளைத் தாளில் சொந்தக் கையால் இராஜினாமாக் கடிதம் எழுதுவோம். 'எனது சொந்த விருப்பின் பேரில் இப்பதவியிலிருந்து விலகுகிறேன்.' கீழே கையெழுத்து. திகதி போடுகிற இடம் காலி. ஒன்பது கடிதங்களும் ஒரு மண்ணிறக் கோப்பில் செயலாளரிடம் இருக்கும், எங்கள் ஒன்பது பேருக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது. நிர்வாகம் எங்களில் யாரையாவது ஆசை காட்டி வளைத்துப்போட்டால், அடுத்த நிமிடம் திகதியைப் போட்டு ஆளை வெளியே அனுப்பலாம். பதவி எவருக்கும் சொந்தமில்லை, அது பிள்ளைகளுடையது என்று தலைவர் சொன்னார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, பொய் சொல்லவில்லை. இரண்டாம் வருடம் நான் செயலாளர் ஆனேன். கோப்பு என் கட்டிலுக்குக் கீழே, சூட்கேசுக்குள் வந்து சேர்ந்தது.

அந்தக் கட்டிலுக்கு எதிர்க் கட்டிலில் படுத்தவள் கிண்ணியாக்காரி. ஊருக்குப் போகிற பஸ்ஸில் சிநேகிதமானவள், பிறகு அறையில் சேர்ந்தோம், பிறகு சங்கத்திலும் சேர்த்துவிட்டேன். அவள் துணைச் செயலாளர். அவளுடைய உம்மா கொடுத்துவிடும் சீனிச்சம்பல் போத்தலை நான்தான் முக்கால்வாசி காலி பண்ணுவேன். கடிதம் எழுதிய அன்று பேனையை மூடிக்கொண்டே சொன்னாள்: "வெறும் பேப்பர்ல கையெழுத்து வெக்கிற வேல இது. உம்மா கண்டா தும்புத்தடியாலதான் அடிப்பா." எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். ஆனால் எழுதினாள்.

மூன்றாம் வருடம் நான்கு பேரை நிர்வாகம் வகுப்புத்தடை செய்தது. நாங்கள் விரிவுரையையும் பரீட்சையையும் பகிஷ்கரித்தோம். முதல் இரண்டு கிழமையும் திருவிழாதான். ஆறாவது கிழமையில் பாட்டு நின்றுவிட்டது. முதல் வருடப் பிள்ளைகளை வீட்டுக்காரர் ஒவ்வொருவராகக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினார்கள். தோட்டத்தில் வேலை, தம்பிக்குச் சோறு, கலியாணப் பேச்சு என்று ஒவ்வொரு சாட்டு. திரியாய்க் கிராமத்திலிருந்து வந்த ஒரு பிள்ளை பாயையும் சுருட்டிக்கொண்டு போனபோது கிண்ணியாக்காரி படலை வரைக்கும் கூடப் போய்விட்டு வந்து, உடுப்பு மடித்துக்கொண்டே என்னிடம் நேராகச் சொன்னாள்:

"நாளைக்குக் கூட்டத்துல நான் நிப்பாட்டச் செல்லித்தான் கை ஒசத்துவன். இந்தப் புள்ளயள் போனா திரும்பி வராதுகள். ஒனக்கு விளங்கலியா?"

"விசரே உனக்கு? இப்ப விட்டா அந்த நாலு பேரும் என்ன செய்யிறது?"

"அதுக்கு வேற வழி பாப்பம். ஒனக்குக் கோவம் வந்தா கண் தெரியுதில்ல."

எனக்குக் கோபம்தான் வந்தது. கண் தெரிந்ததா இல்லையா என்பதை அவளிடம் கேட்கவா வேண்டும்? விடிந்ததும் கன்டீனுக்குப் போய்த் தலைவரிடம் கொட்டினேன். அவர் பிளேன்டீயை ஊதினார். "கடிதம் இருக்குத்தானே" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை, செய் என்றுகூடச் சொல்லவில்லை. அறைக்கு ஓடிவந்து கோப்பைத் திறந்தேன். அவள் குளிக்கப் போயிருந்தாள். அவளுடைய கடிதம் கறுப்பு மையில் இருந்தது. என்னிடம் நீலப் பேனைதான் இருந்தது. நீலத்திலேயே திகதியைப் போட்டேன்.

வருடப் பிரதிநிதிகளும் இருந்த கூட்டத்தில் கடிதத்தை வாசித்தேன். குரல்கூட நடுங்கவில்லை. ஒரு முதல் வருடப் பிரதிநிதி எழும்பி, "அக்கா, இது நீங்கள் எழுதினதோ?" என்று அவளைக் கேட்டான். அவள் அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். பிறகு, "ஓம், என்ட கையெழுத்துத்தான்" என்று சொல்லிவிட்டுக் கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழும்பிப் போனாள். அவள் இல்லாத கூட்டத்தில் எண்ணிக்கை எங்கள் பக்கம் விழுந்தது. பகிஷ்கரிப்பு இன்னும் மூன்று கிழமை இழுபட்டுத் தானாகவே செத்தது. அந்த நான்கு பேரையும் திருப்பி எடுக்கவில்லை. திரியாய்ப் பிள்ளை வரவேயில்லை. எதிர்க் கட்டில் வெறுமையாகிவிட்டது. நான் எல்லாரிடமும் என்ன சொன்னேன் தெரியுமா? "அவள் பயந்திட்டாள்." அப்படித்தான் உண்மையில் நம்பினேன். அதனால்தான் இல்லை என்று சொல்லத் துணியாமல் ஓம் என்றாள் என்று, பத்து வருடத்துக்கு மேல் நம்பிக்கொண்டிருந்தேன்.

படிப்பு முடித்து ஊருக்கு வந்தபோது தலைவர் கட்சியின் மாவட்ட அமைப்பாளர் ஆகியிருந்தார். சின்ன இடதுசாரிக் கட்சி. டயர்க் கடைக்கு மேலே ஒரு அறை, நான்கு பிளாஸ்டிக் கதிரை, ஒரு அலுமாரி. நான் காலையில் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுப்பேன், பின்னேரம் அந்த அறையில் இருப்பேன். ஊர் என்னை எப்படி வரவேற்றது என்று கேட்க வேண்டாம். எங்கள் சனத்துக்கு நான் சிங்களக் கட்சிக்கு விலைபோனவள். சிங்களக் கடைக்காரருக்கு நான் சிவப்புத் துணி போர்த்திய பழைய இயக்கத்து ஆட்களின் மிச்சம். முஸ்லிம் தெருக்களில் மரியாதையாகத் தேத்தண்ணி தந்து, மரியாதையாக வழியனுப்பி, மரியாதையாக வேறு கட்சிக்குப் போட்டார்கள். ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் துண்டுப் பிரசுரத்தை வாங்கி, என் கண்ணுக்கு முன்னாலேயே நாய்ச் சட்டியின் கீழே விரித்தார். "செத்த பிள்ளையளுக்கு என்ன பதில் சொல்லப்போறாய்?" என்று கேட்டார். சாவு எங்கள் வீட்டிலும் நடந்திருக்கிறது ஐயா என்று சொல்ல வாய் எடுத்தேன். படலையைச் சாத்திவிட்டார். கோட்டைப் பக்கத்து மான்கள் இரவில் தெருவுக்கு வந்து, நாங்கள் ஒட்டிய போஸ்டரைக் கோதுமை மாப் பசைக்காக நக்கி நக்கிக் கிழித்துவிட்டுப் போகும். மற்றக் கட்சிக்காரர் அச்சடித்தது பளபளக்கிற ஸ்டிக்கர், அதை மான் தொடாது. மானுக்குக்கூட எங்களைப் பிடிக்கவில்லை என்று தலைவர் சொல்வார். அவர் சொல்லி நான் சிரித்த கடைசிப் பகிடி அதுதான்.

இவ்வளவு ஏச்சுக்குள்ளும் நான் விடாமல் போன ஒரு இடம் இருந்தது. துறைமுகத்துக்கு இப்பால், கடற்கரையில் ஒரு துண்டு நிலம். அதில் பன்னிரண்டு பதின்மூன்று கருவாட்டு வாடிகள், அதாவது தகரமும் கிடுகுமாய்ப் போட்ட கொட்டில்கள். பெண்கள் விடியப் போய் மீன் வெட்டி, உப்புப் போட்டு, வெயிலில் பரப்புவார்கள். நிலம் நகரசபைக்குச் சொந்தம். ஒருவரிடமும் ஒரு துண்டு உறுதிப் பத்திரம் இல்லை. அதை வெளியாக்கிவிட்டு, திமிங்கிலம் பார்க்க வருகிற வெள்ளைக்காரரின் வாகனங்களை விட இடம் செய்வது, பக்கத்தில் கோப்பிக் கடைகள் போடுவது என்று சபையில் பல வருடமாக ஒரு திட்டம் கிடந்தது.

அங்கே ஒரு அக்கா இருந்தாள். முதல் நாள் நான் துண்டுப் பிரசுரத்தை நீட்டியபோது தலையை நிமிர்த்தவேயில்லை. பாரை மீனின் வயிற்றைக் கிழித்துக்கொண்டே பக்கத்தில் இருந்தவளிடம், "இந்தா, இன்னொண்டு வந்திருக்கு" என்றாள். என்னிடம், "வைச்சிட்டுப் போ பிள்ளை, மழைக்கு அடுப்பு மூட்டலாம்" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த கிழமையும் போனேன், அதற்கடுத்த கிழமையும் போனேன். கட்சிக்காகப் போகவில்லை, அவளை ஒருநாளாவது தலை நிமிர்த்திப் பார்க்க வைக்க வேண்டும் என்ற வீம்பில் போனேன். ஒருநாள் நிமிர்ந்தாள். கையைக் கடல் தண்ணீரில் அலம்பிவிட்டு வந்து எனக்கு முன்னால் நின்றாள்.

"எனக்கு உங்கட கொள்கை மண்ணாங்கட்டி ஒண்டும் தெரியாது. உந்தத் திட்டம் திரும்பச் சபைக்கு வரும். வரேக்க மாட்டன் எண்டு கை ஒசத்த எங்களுக்கு ஒரு ஆள் வேணும். நீ ஒசத்துவியோ?"

"ஒசத்துவன் அக்கா."

"சத்தியமா?"

"சத்தியமா."

என் அரசியல் முழுக்க அந்த ஒரு சொல்தான். மற்றதெல்லாம் புத்தகத்தில் படித்தது.

நகரசபைத் தேர்தல் வந்தது. வேட்பாளர் பட்டியல் போடுகிறபோது கட்சி அறையில் எல்லாரையும் இருத்தினார்கள். தலைவர் வெள்ளைத் தாளை நீட்டினார். திகதி போடாத கடிதம். எங்கள் மாணவர் சங்கத்து வழக்கத்தை அவர் அப்படியே கட்சிக்குக் கொண்டுவந்திருந்தார். எப்படி எழுதுவது என்று தெரியாமல் புதிய ஆட்கள் முழித்தார்கள். "தோழரின்ட எழுத்து நல்ல வடிவு, அதைப் பார்த்து எழுதுங்கோ" என்று என் கடிதத்தைத் தூக்கிக் காட்டினார். என்னைப் பார்த்துத்தான் மற்றவர்கள் எழுதினார்கள். எனக்கு உச்சி குளிர்ந்தது.

அந்த நேரம் கிண்ணியாக்காரியை நினைத்தாயா என்று கேளுங்கள். இல்லை. ஒரு கணம்கூட இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத எரிச்சல்.

வாடிச் சனமும் அவர்களின் சொந்தபந்தமும் போட்ட வாக்கில் என் வட்டாரத்தில் மயிரிழையில் வென்றேன். கட்சிப் பட்டியல் மூலம் தலைவரும் உள்ளே வந்தார். எங்கள் கட்சிக்கு இரண்டே கதிரை. ஆனால் சபையில் எவருக்கும் பெரும்பான்மை இல்லாததால் அந்த இரண்டுக்கும் திடீரென்று மவுசு வந்துவிட்டது. தவிசாளராக வர நினைத்தவருக்கு நாங்கள் ஆதரவு கொடுத்தோம், தலைவர் துணைத் தவிசாளர் ஆனார். நாங்கள் உள்ளே இருந்தால்தானே ஏதாவது செய்யலாம் என்றார். நானும் மண்டையை ஆட்டினேன்.

சபையில் நான் எழும்பினால் கதிரைகளைக் கரகரவென்று இழுப்பார்கள். ஒருவர் இருமத் தொடங்குவார், மற்றவர் தொலைபேசியில் கதைப்பார். "வாத்தியாரம்மா பாடம் எடுக்கப்போறா" என்பார்கள். நான் தெருவிளக்கைப் பற்றி, குப்பை லொறியைப் பற்றித் தொண்டை கிழியக் கதைத்தேன். பரவாயில்லை, இவர்கள் எவரையும் நான் மதிக்கவில்லை. என் கவனம் எல்லாம் அந்த ஒரு பிரேரணையில் இருந்தது. எட்டாவது மாதம் அது வந்தது. கடற்கரை அழகுபடுத்தல் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

கட்சி அறையில் தலைவர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "தோழர், வாடிக்காரருக்கு வேற இடம் குடுப்பினம். நான் கதைச்சிட்டன்."

"எங்க?"

"ரெண்டு மூண்டு கிலோமீற்றர் உள்ளுக்கு."

"கடல் இல்லாத இடத்தில கருவாடு போடுறதோ? மீனை ஆர் காவுறது, நீங்களோ?"

"இதில நாங்கள் எதிர்த்தா முழுக் கூட்டும் உடையும். கொஞ்சம் தந்திரோபாயமா யோசியுங்கோ."

"உங்களுக்குத் துணைத் தவிசாளர் கதிரை போயிடும் எண்டு சொல்லுங்கோவன். நான் சத்தியம் பண்ணினனான். எனக்கு ஏலாது. நான் எதிர்த்துத்தான் கை ஒசத்துவன்."

அவர் சத்தம் போடவில்லை. சுடுதண்ணிப் போத்தலிலிருந்து இரண்டு கோப்பைக்குப் பிளேன்டீ ஊற்றினார். ஒன்றை என் பக்கம் தள்ளினார். "சரி தோழர், உங்கட மனச்சாட்சிப்படி செய்யுங்கோ" என்று சொல்லிவிட்டு ஊதி ஊதிக் குடித்தார். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு படி இறங்கினேன். அம்மாவிடம்கூடப் பெருமையடித்தேன். அந்த மண்ணிறக் கடிதக் கோப்பைக் கட்டிலுக்குக் கீழே வைத்துக் காத்தவள் நான். அந்த ஊதலைக் கன்டீனில் பார்த்தவள் நான். எனக்கே மணக்கவில்லை என்றால் என் மண்டைக்குள் என்னத்தைச் சொல்வது?

கூட்ட நாள் காலை வாடிப் பெண்கள் பத்துப் பேர் பார்வையாளர் மாடத்தில் வந்து இருந்தார்கள். தலை தோய்ந்து, நல்ல சேலை உடுத்துத்தான் வந்தார்கள். அப்படியிருந்தும் ஒரு உறுப்பினர் சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தார். அவருக்கு ஏதாவது சொல்லவேண்டும் என்று நான் வாயைத் திறக்கிற நேரத்தில், சபைச் செயலாளர் தன் மேசைக்குக் கூப்பிட்டார். உத்தியோகத்திலிருந்து இளைப்பாற இன்னும் கொஞ்சக் காலமே இருக்கிற, ஒருவரோடும் சண்டை கொழுவாத மனிதர். ஒரு தாளை என் பக்கம் திருப்பினார்.

"மிஸ், இது உங்கட இராஜினாமாக் கடிதம் எண்டு தேர்தல் அலுவலகத்தில இருந்து இண்டைக்குக் காலமை பிரதி வந்தது. இது நீங்கள் குடுத்ததோ?"

என் எழுத்து. நல்ல மொத்த எழுத்து. என் நீல மை. அதன் கீழே பச்சை மையில், தலைவரின் சின்னச் சாய்ந்த எழுத்தில் முந்தாநாள் திகதி. அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, குரலைத் தாழ்த்தி, நிதானமாகச் சொன்னார்:

"வடிவாக் கேளுங்கோ. நான் குடுக்கேல்லை எண்டு நீங்கள் இப்ப ஒரு வரி எழுதித் தந்தாக் காணும். நான் அதை அவையளுக்கு அனுப்புவன். முடிவு வருமட்டும் நீங்கள் உறுப்பினர்தான். இண்டைக்கு வாக்குப் போடலாம்."

அதற்குமேல் ஒரு அரசாங்க உத்தியோகத்தர் என்னத்தைச் செய்வார்? வெற்றுத் தாளையும் எடுத்து வைத்தார், பேனையையும் மூடி கழற்றி வைத்தார்.

நான் திரும்பிப் பார்த்தேன். தலைவர் ஏதோ கடதாசியைப் புரட்டிக்கொண்டிருந்தார். மற்ற எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டு மாதம் கதிரை இழுத்த அத்தனை பேரும். மூக்கில் லேஞ்சி வைத்தவர் லேஞ்சியை எடுத்துவிட்டார், பல் தெரிந்தது. அவர்களுக்கு வாசம் அடித்துவிட்டது. நான் இல்லை என்று எழுதினால் என்ன நடக்கும் என்று எனக்குப் படம் போல ஓடியது. இடதுசாரிகள் தங்கள் பெண் உறுப்பினரையே ஏமாற்றிக் கடிதம் போட்டார்கள் என்று நாளைக்கு ஊர் முழுக்கச் சிரிப்பார்கள். பதினைந்து வருடம் எனக்குள் அடித்து இறக்கிய ஒரே ஒரு பாடம் உண்டு: எங்களுக்குள் என்ன சண்டையும் பிடிக்கலாம், எதிரிக்கு முன்னால் கட்சியைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. இந்தச் சனியன்களுக்கு முன்னாலா? செத்தாலும் இல்லை.

"ஓம்," என்றேன். "என்ட கையெழுத்துத்தான்."

செயலாளர் பேனையை மூடினார். "சரி மிஸ்" என்றார்.

வாக்கெடுப்பில் இரண்டு பக்கமும் சமமாக வந்தது. தவிசாளர் தன் மேலதிக வாக்கைப் போட்டு நிறைவேற்றினார். நான் கை உயர்த்தியிருந்தால் அந்தப் பிரேரணை அங்கேயே விழுந்திருக்கும். அதை நான் மாடத்துப் படியில் நின்று பார்த்தேன், உறுப்பினர் கதிரையில் இருக்க எனக்கு உரிமை இல்லையே.

வெளியில் வேப்பமரத்தின் கீழ் அக்காவை மறித்தேன். கடிதத்தைப் பற்றி, திகதியைப் பற்றி, தலைவரைப் பற்றி மூச்சு விடாமல் சொன்னேன். எனக்கே என் குரல் அழுகையாகக் கேட்டது. அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எனக்கு உந்தக் கடுதாசிக் கதை வேண்டாம் பிள்ளை. அந்தக் கண்ணாடி போட்ட மனுசன் உன்னட்டக் கேட்டவர். கடுதாசி வைச்சவர், பேனை வைச்சவர். நாங்கள் மேல இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தனாங்கள். நீதான் தலையை ஆட்டினனீ."

"அக்கா, நான்..."

"போ. இனி வாடிப் பக்கம் வராத."

இரண்டு மாதத்தில் மண் அள்ளுகிற பெக்கோ வந்தது. ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. கச்சான் காற்றில் கிடுகுகள் தார் ரோட்டு வரைக்கும் பறந்தன. நான் போகவில்லை. வராதே என்றாள், போகவில்லை. ரோட்டுக்கு மற்றப் பக்கம் நின்று பார்த்தேன். அக்கா கருவாட்டுப் பரண் தடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். இப்போது அவள் சந்தை வாசலில் இன்னொருத்திக்குக் கூலிக்கு மீன் வெட்டுகிறாள். நான் அந்த வாசலால் போவதில்லை, பின்பக்கத்தால் போவேன்.

தலைவரைப் பற்றிக் கேட்பீர்கள். அவர் இன்னும் துணைத் தவிசாளர். என் இடத்துக்குக் கட்சி வேறொருவரைப் போட்டது. தெருவில் கண்டால், "எப்படி இருக்கிறியள் தோழர்?" என்கிறார். என்னைத் தோழர் என்று கூப்பிட்டால் செருப்பு வரும் என்று ஒருநாள் சொன்னேன். அதற்கும் சத்தம் போடவில்லை. அந்த வழக்கம் பிழை என்று நான் இப்போதும் சொல்லமாட்டேன். பதவி எங்களுக்குச் சொந்தமில்லை என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் கோப்பு எவர் கையில் இருக்கிறதோ அவருக்கு ஒருவரும் கடிதம் எழுதச் சொல்லவில்லை. நான் வைத்திருந்தபோது எனக்கும் அது தோன்றவில்லை.

ஒரு சனிக்கிழமை பாலம் கடந்து கிண்ணியாவுக்குப் போனேன். அவள் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். விசாரித்து வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்தாள், அதே பார்வை. பிறகு குசினிக்குள் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். மேசையில் பிள்ளைகளின் கொப்பிகள் குவிந்து கிடந்தன. நான் எல்லாவற்றையும் சொன்னேன். பச்சை மையைச் சொன்னேன். அவள் சிரிக்கத் தொடங்கினாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. வாழ்க்கையில் முதல்தரம்.

"செயலாளர் பேனையும் தந்தும் நீ ஓம் எண்டியா?"

"ஓம்."

"அல்லாஹ்வே!"

நான் பத்து வருடத்துக்கு மேல் வைத்திருந்ததைக் கேட்டேன். "அண்டைக்கு நீ ஏன் ஓம் எண்டனீ? பயத்திலயோ?"

அவள் சிரிப்பு நின்றது. "பயமா? எனக்கா? அவன் எழும்பிக் கேட்டானே, நான் இல்லையெண்டு செல்லியிருந்தா என்ன நடந்திரிக்கும்? கள்ளத் திகதி போட்டவள் எண்டு ஒன்னத்தான் அந்த இடத்துலேயே சங்கத்த உட்டு ஓட்டியிருப்பானுகள். அந்தச் சங்கம் ஒனக்கு உசிரு. எனக்குத் தெரியும். நான் ஒனக்காகத்தான் ஓமெண்டன்." கோப்பையை என் பக்கம் தள்ளினாள். "நீ ஆருக்காக ஓமெண்ட?"

நான் வாயைத் திறந்தேன். என் நீள வாயை.

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "தேத்தண்ணி ஆறுது, குடி" என்றாள். கொப்பிக் குவியலைத் தன் பக்கம் இழுத்து, சிவப்புப் பேனையை எடுத்துத் திருத்தத் தொடங்கினாள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்து வைத்தாள். அதன் கீழே அன்றைய திகதியையும் போட்டாள்.